கடல் கடந்த பட்டமும் கதவு காக்கும் சட்டமும்
(வெளிநாட்டில் படித்த மருத்துவர்களின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு)

திருக்குறளில் 'மருந்து' என்பது 95ஆம் அதிகாரம். வைத்தியம் நடக்க வேண்டுமானால் நான்கு பேர் வேண்டும் என்கிறார் வள்ளுவர்: நோயாளி, வைத்தியர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர். இன்றைய உலகில் ஐந்தாவதாக ஒருவர் வந்து வாசலில் நிற்கிறார். அவர் பெயர் ரெஜிஸ்ட்ரேஷன். 'உங்க பட்டம் எந்த ஊர்ப் பட்டம்? அது இங்கே செல்லுமா?' என்று அவர் கேட்ட பிறகுதான் மற்ற நால்வரும் சந்திக்க முடியும்.

இந்தக் கேள்வியை நம் பொம்மனஹள்ளிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஓசூர் ரோட்டில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் அத்திப்பள்ளி தாண்டித் தமிழ்நாடு வந்துவிடும். அந்தச் சிறு தூரத்திற்குள்ளேயே கவுன்சில் மாறுகிறது. அங்கே தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், இங்கே கர்நாடக மருத்துவக் கவுன்சில். ஓசூரில் தொழில் நடத்தியவர் இங்கே வந்து போர்டு மாட்டுவதானால், இங்குள்ள கவுன்சிலில் பதிவு செய்துகொள்வதே நடைமுறை. கிளினிக்குக்கு 2007ஆம் ஆண்டின் கர்நாடக தனியார் மருத்துவ நிறுவனச் சட்டப்படி தனிப் பதிவும் வேண்டும். ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படியென்றால், கடல் கடந்து போய்ப் படித்துவிட்டு வருகிறவர்களின் பாடு எப்படியிருக்கும்?

கார்மென்ட்ஸ் வேலையிலும், லாரி ஷெட்டிலும், பூ வியாபாரத்திலும், கட்டட வேலையிலும் சம்பாதித்த காசைச் சேர்த்து, ஊரில் இருக்கும் அரை ஏக்கரையும் விற்று, பிள்ளையை ரஷ்யாவுக்கோ சீனாவுக்கோ ஜார்ஜியாவுக்கோ மருத்துவம் படிக்க அனுப்பும் குடும்பங்கள் இன்று தமிழர் குடியிருப்புகளில் இருக்கின்றன. 'டாக்டருக்குப் படிச்சிட்டு வந்துட்டான், ஆனா ஊசி போடக் கூடாதாமே!' என்று வீட்டுப் பெரியவர்கள் வியப்பதும் உண்டு. அந்த வியப்புக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. அதைச் சுருக்கமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வைத்தியர் இங்கே வந்த காலம்

முதலில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வெளிநாட்டில் படித்த மருத்துவர் என்றால் மேற்கே போன நம்மவர் மட்டுமல்ல, கிழக்கே வந்த அவர்களும்தான். அமெரிக்காவில் படித்த டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்தார், தமிழ் கற்றார், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பாடம் நடத்தினார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நம்மில் பலருக்குச் சொந்த ஊரான வேலூருக்கு வந்த ஐடா ஸ்கடர் 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அங்கே தொடங்கினார்.

இவர்களை மறித்து 'முந்நூறு கேள்விக்குப் பதில் எழுது' என்று யாரும் கேட்கவில்லை. சென்னை மாகாணத்தில் மருத்துவர் பதிவுக்கென்று சட்டம் வந்ததே 1914இல்தான். அதுவரை பதிவும் கிடையாது, கவுன்சிலும் கிடையாது. நோயாளியின் நம்பிக்கைதான் தேர்வு. கிரீன் அந்தத் தேர்வில் தேறினார் என்றால், அதற்கு அவர் தமிழ் கற்றதும் ஒரு காரணம். இதைப் பின்னால் மறுபடியும் பார்ப்போம்.

சென்னைப் பட்டம் லண்டன் போன கதை

சென்னையில் மருத்துவப் பள்ளி 1835இல் தொடங்கி, 1850இல் கல்லூரியானது. பிரிட்டனில் 1858ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டம் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலை உண்டாக்கியது. யார் டாக்டர், யார் போலி என்று பிரித்துக் காட்ட ஒரு பதிவேடு வந்தது. அது நல்ல காரியமே. 'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்த உலகத்திற்கு அப்படி ஒரு பதிவேடு தேவைதான்.

ஆனால் அந்தப் பதிவேட்டில் இந்தியப் பட்டத்திற்கு முதலில் இடமில்லை. 1855 முதல் இந்தியன் மெடிக்கல் சர்வீஸ் வேலைக்குப் போட்டித் தேர்வு வந்தது. இந்தியரும் எழுதலாம், ஆனால் எழுதுவது லண்டனில்! இந்தியாவில் வேலை செய்யும் பதவிக்கு இந்திய மாணவன் கப்பலேற வேண்டும். அந்த முதல் ஆண்டிலேயே வங்காளத்து சூர்ஜோ குமார் சக்ரவர்த்தி தேறிக் காட்டினார். கப்பல் செலவுக்கு வழியில்லாதவர்கள் எத்தனை பேர் தேறாமலே நின்றார்களோ!

1886இல் பிரிட்டிஷ் சட்டம் திருத்தப்பட்டு, காலனி நாடுகளின் பட்டங்களை ஏற்க வழி பிறந்தது. 1892இலிருந்து இந்தியப் பல்கலைக்கழகங்களின் மருத்துவப் பட்டங்கள் ஏற்கப்பட்டன. சென்னையில் படித்தவர் லண்டன் போய் நேரே பதிவு செய்துகொள்ளலாம் என்ற நிலை சுமார் நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

பிறகு 1920களில் தகராறு வந்தது. 'உங்கள் கல்லூரிகளில் பிரசவ வைத்தியப் பயிற்சி போதவில்லை' என்றது லண்டன் கவுன்சில். மாணவர் நேரில் பார்க்கும் பிரசவங்களின் எண்ணிக்கை குறைவு என்பது குற்றச்சாட்டு. கல்லூரிகளைச் சோதிக்க இன்ஸ்பெக்டர்கள் வந்தார்கள். அந்த மேற்பார்வையை யார் செய்வது, லண்டனா இந்தியாவா என்பதில் இழுபறி ஏற்பட்டு, 1930இல் இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரம் ரத்தானது.

பிரசவ வைத்தியம் என்ற குற்றச்சாட்டைச் சென்னையில் வைத்துப் பார்த்தால் ஒரு வினோதம் தெரியும். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது சேர்ந்தவர்களில் ஒருவர் மேரி ஷார்லீப். சென்னையில் பயிற்சியைத் தொடங்கிய இவர், லண்டன் போய் மேற்படிப்பு முடித்து 1882இல் லண்டன் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினார். தங்கப் பதக்கம் பெற்ற பாடம் பிரசவ வைத்தியம்! அங்கீகாரம் ரத்தாகி எட்டே ஆண்டில், 1938இல், சென்னையின் டாக்டர் ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார் பிரசவ மருத்துவப் பாடநூலை வெளியிட்டார். தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் அதைப் படித்தார்கள், இன்றும் புதுப் பதிப்புகள் வருகின்றன. ஆக, குறை இருந்த இடமும் உண்டு, நிறை இருந்த இடமும் உண்டு. நாடு முழுவதையும் ஒரே கோடு போட்டு அடித்ததுதான் கோளாறு.

இந்த அவமானத்தின் பலனாக ஒரு நன்மையும் பிறந்தது. 1933இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்தது, மறு ஆண்டு கவுன்சில் அமைந்தது. நம் பட்டத்தின் தரத்தை நாமே பார்த்துக்கொள்ளும் அமைப்பு இது. அங்கீகாரமும் படிப்படியாகத் திரும்பியது.

ஆனால் கதவுக்கு வெளியே நின்று அழுதவர்கள், உள்ளே வந்ததும் என்ன செய்தார்கள்? அவர்களும் ஒரு கதவைச் சாத்தினார்கள்! எல்.எம்.பி. என்று நம் தாத்தா பாட்டிமார் சொல்லும் லைசென்ஷியேட் மருத்துவர்களுக்கு 1933 சட்டத்தில் இடமில்லை. 1946இல் வெளிவந்த போர் குழு அறிக்கைப்படி அன்றைய பதிவு பெற்ற மருத்துவர்கள் சுமார் 47,500 பேர். அவர்களில் ஏறக்குறைய 30,000 பேர் இந்த லைசென்ஷியேட்கள். கிராமத்துக் காய்ச்சலையும் காலராவையும் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இவர்கள்தான். லண்டனுக்குச் சமமாக நிற்க வேண்டும் என்ற ஆசையில், சொந்த வீட்டு மனிதரையே வாசலில் நிறுத்திவிட்டோம்.

கூப்பிட்டதும் அவர்கள், நிறுத்தியதும் அவர்கள்

1948இல் பிரிட்டன் தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியது. எல்லோருக்கும் இலவச வைத்தியம். ஆனால் டாக்டர் போதவில்லை. அப்போது நம் பட்டம் குறைபட்டதாகத் தெரியவில்லை. சென்னையிலும் கொழும்பிலும் படித்தவர்கள் ஆயிரக்கணக்கானோருடன் கூட்டமாகப் போனார்கள். உள்ளூர் டாக்டர்கள் விரும்பாத இடங்கள்தான் அவர்களுக்குக் கிடைத்தன: முதியோர் மருத்துவம், மனநல மருத்துவம், நிலக்கரிச் சுரங்க ஊர்களின் குடும்ப மருத்துவம். வேல்ஸ் பள்ளத்தாக்குகளில் பல ஊர்களுக்கு 'எங்க டாக்டர்' என்றால் இந்திய டாக்டர்தான்.

1975இல் நிலை திரும்பியது. இந்தியப் பட்டங்களுக்கான அங்கீகாரத்தை லண்டன் கவுன்சில் மறுபடியும் எடுத்துவிட்டது. மருத்துவ அறிவுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து ஒரு தேர்வு வைத்தார்கள். அதுவே பின்னாளில் 'பிளாப்' என்று பெயர் பெற்றது. தொடக்க ஆண்டுகளில் தேறியவர்களைவிடத் தவறியவர்கள் அதிகம்.

தரம் பற்றிய கவலை பொய் என்று சொல்ல வரவில்லை. இந்தியாவில் கல்லூரிகள் வேகமாகப் பெருகிய காலம் அது, எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. ஆனால் அதே 1975இல்தான் ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் ஒருவர் பட்டத்தை ஒருவர் ஏற்கும் உத்தரவைக் கொண்டுவந்தன. இத்தாலியில் இத்தாலிய மொழியில் படித்தவர் பிரிட்டனில் தேர்வில்லாமல் பதியலாம். ஆங்கிலத்திலேயே பாடம் படித்த சென்னை டாக்டர் தேர்வு எழுத வேண்டும். நோயாளியின் பாதுகாப்பு மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாடு எப்படி வந்தது?

அமெரிக்காவிலும் இதே கதைதான், ஆனால் இன்னும் வெளிப்படையாக. வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான இ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பு 1956இல் தோன்றி, 1958இல் முதல் தேர்வை நடத்தியது. 1965இல் குடியேற்றச் சட்டம் மாறியது, அதே ஆண்டு முதியோர்க்கான அரசு மருத்துவக் காப்பீடும் வந்தது. டாக்டர்கள் தேவைப்பட்டார்கள், நம்மவர்கள் விமானம் ஏறினார்கள். 1976இல் வந்த சட்டம் 'இனி நாட்டில் மருத்துவர் பற்றாக்குறை இல்லை' என்ற பொருளில் சட்டத்துக்குள்ளேயே எழுதி, வருகிறவர்களுக்குக் கூடுதல் தேர்வும் விசா நிபந்தனையும் போட்டது. இதை ஒருவகையில் நேர்மை என்றே சொல்ல வேண்டும். 'உனக்குத் திறமை இல்லை' என்று சொல்லவில்லை, 'எங்களுக்கு ஆள் போதும்' என்றார்கள்.

கிராமங்களில் ஆள் கிடைக்காமல் போனதும் 1994இல் மறுபடியும் ஒரு ஜன்னல் திறந்தது. டாக்டர் குறைவான பகுதியில் மூன்றாண்டு வேலை செய்தால், பயிற்சி முடிந்ததும் தாய்நாடு திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து மாநிலமே விலக்குக் கேட்டுப் பரிந்துரைக்கலாம். 2020இல் கொரோனா வந்தபோது நியூ ஜெர்சி மாநிலம் வெளிநாட்டு உரிமம் பெற்ற மருத்துவர்களுக்குத் தற்காலிக அனுமதி தந்தது. 2023இல் டென்னசி மாநிலம், வெளிநாட்டில் ஏற்கெனவே பயிற்சி முடித்தவர் அங்கே மறுபடி ரெசிடென்சி செய்யாமலே வேலை பார்க்க வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. ஆள் தேவைப்படும்போது அவசியமில்லாமல் போகும் விதி, ஆள் தேவைப்படாதபோது மட்டும் எப்படி உயிர் காக்கும் விதியாகிறது?

ஆட்டத்தின் நடுவில் மாறிய விதி

2006ஆம் ஆண்டை லண்டன் போன இளம் மருத்துவர்கள் மறக்க மாட்டார்கள். அதுவரை பிளாப் தேறியவர் தனி வேலை அனுமதி இல்லாமலே அங்கே பயிற்சிப் பணியில் சேரலாம். அந்த ஆண்டு ஏப்ரலில் அந்த வசதி நீக்கப்பட்டது. உள்நாட்டு, ஐரோப்பிய மருத்துவர் கிடைக்காவிட்டால் மட்டுமே வெளிநாட்டவருக்கு வேலை என்றானது. தேர்வுக்கும் விமானத்துக்கும் கடன் வாங்கிப் போய் இறங்கியவர்கள், ஒரே அறையில் பலராகத் தங்கி, கோவிலிலும் குருத்வாராவிலும் சாப்பிட்ட காலம் அது.

1996இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கம் வழக்குப் போட்டது. 2008 ஏப்ரல் 30 அன்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. திறன்மிக்க குடியேறிகளுக்கான திட்டத்தில் முறையாக வந்த மருத்துவர்களைப் பின்வரிசையில் நிறுத்தும்படி சுகாதாரத் துறை மருத்துவமனைகளுக்கு அனுப்பிய அறிவுரை செல்லாது என்றது. விதியை மாற்ற அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் நம்பி வந்தவர்களை அறிவுரைக் கடிதம் ஒன்றால் ஒதுக்க முடியாது என்பதே அத்தீர்ப்பின் சாரம். இதில் நம் போன்ற சங்கங்களுக்கும் ஒரு பாடம் உண்டு. தனி ஆளாக நின்றிருந்தால் யாரும் அந்தப் படியேறியிருக்க முடியாது.

நம் வீட்டு வாசல்

இப்போது நம் கதவுக்கு வருவோம். சோவியத் ரஷ்யாவில் படிப்பது ஒரு காலத்தில் மதிப்பான விஷயம். 1991இல் அந்த நாடு சிதறியதும், தனியார் ஏஜென்ட்கள் புகுந்தார்கள். சில இடங்களில் நல்ல கல்லூரி, சில இடங்களில் பெயருக்குக் கல்லூரி. 2001இல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் திருத்தப்பட்டது. 2002 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதற்கான வழிமுறைகளை ஏற்றது. அதே ஆண்டு ஸ்கிரீனிங் டெஸ்ட் தொடங்கியது. இன்று எஃப்.எம்.ஜி.இ. என்று பிள்ளைகள் சொல்வது இதைத்தான். மொத்தம் 300 கேள்விகள், தேற 150 மதிப்பெண், ஆண்டுக்கு இருமுறை. பெரும்பாலான முறைகளில் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய ஐந்து நாடுகளின் மேற்படிப்புப் பட்டத்தை 2008இல் இந்தியா ஏற்றது. அங்கே மேற்படிப்பு முடித்து, அங்கேயே தொழில் செய்யத் தகுதி பெற்றவருக்கு இந்தத் தேர்வு வேண்டாம். பணக்கார நாட்டுப் பட்டத்திற்கு ஒரு வாசல், மற்றவற்றுக்கு ஒரு வாசல். 1975இல் லண்டன் நமக்குச் செய்ததைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அப்படியானால் தேர்வே வேண்டாமா? வேண்டும். ரஷ்ய மொழியோ சீன மொழியோ பேசும் நோயாளியிடம் போதுமான அளவு பேசாமல், புத்தகத்தை மட்டும் படித்து வந்தவரிடம் பொம்மனஹள்ளித் தாய் தன் குழந்தையைக் கொடுக்கலாமா? அவளுக்கும் பாதுகாப்பு வேண்டும். ஆனால் அந்தத் தாய், வேறொரு டாக்டர் உள்ளூரில் கோடி ரூபாய் கட்டி மேனேஜ்மென்ட் சீட்டில் படித்திருந்தால் அவருக்கும் அதே தேர்வு வேண்டும் என்று கேட்க மாட்டாளா? 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் இதற்கு நல்ல வழி சொன்னது. உள்நாட்டில் படித்தவர், வெளிநாட்டில் படித்தவர் இருவருக்கும் 'நெக்ஸ்ட்' என்ற ஒரே தேர்வு. ஆனால் 2023 ஜூலையில் அது ஒத்திவைக்கப்பட்டது. ஒரே தராசு வந்தால்தான் அது நியாயமான தராசு.

2020இல் கொரோனாவால் சீனாவில் படித்தவர்கள் திரும்பிப் போக முடியாமல் வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்தார்கள். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் மூண்டது. 'ஆபரேஷன் கங்கா'வில் 22,000க்கும் மேற்பட்ட இந்தியர்கள் திரும்பினர், பெரும்பாலோர் மாணவர்கள். அந்த மார்ச் 1 அன்று கார்கிவில் உணவு வாங்க வரிசையில் நின்ற நம் கர்நாடகத்து ஹாவேரி மாவட்ட மாணவர் குண்டுவீச்சில் இறந்தார். உயிரோடு வந்தவர்களுக்கு அடுத்த சோதனை சட்டம். ஆன்லைன் படிப்பு போதாது, இங்குள்ள கல்லூரிகளிலும் இடமில்லை. கடைசி ஆண்டை ஆன்லைனில் முடித்தவர்களுக்குத் தேர்வெழுத வாய்ப்பும், தேறினால் ஒன்றுக்குப் பதில் இரண்டாண்டு இன்டர்ன்ஷிப்பும் என முடிவாயிற்று. படுக்கையருகே கற்க வேண்டியதைத் திரையில் கற்க முடியாது என்பது சரிதான். ஆனால் போருக்கும் நோய்க்கும் பிள்ளைகள் காரணமில்லையே!

வரலாறு சொல்வது என்ன?

இத்தனையும் ஒன்று சேர்த்துப் பார்த்தால், வாசலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றல்ல, இரண்டு. 'இவருக்கு வைத்தியம் தெரியுமா?' என்பது ஒன்று. 'இவர் நமக்கு வேண்டுமா?' என்பது இன்னொன்று. முதல் கேள்வி நோயாளியின் உரிமை, அதை எந்த நாடும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். இரண்டாவது அரசியல், அதையும் கேட்கலாம். ஆனால் இரண்டாவதை முதலாவதன் உடுப்பில் அனுப்பும்போதுதான் அநியாயம் நடக்கிறது. 1930இலும் 1975இலும் நம் டாக்டர்களுக்கு நேர்ந்தது அதுவே. எல்.எம்.பி.க்களுக்கு நாம் செய்ததும் அதுவே.

மொழியும் முதல் கேள்வியைச் சேர்ந்ததுதான். பொம்மனஹள்ளி கிளினிக்கில் உட்காருகிறவர் கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி நான்கையும் காதில் வாங்க வேண்டியிருக்கிறது. 'அடிவயிறு சுருக்குன்னு இழுக்குது' என்பது புரியாமல் என்ன மருந்து எழுதுவது? மானிப்பாயில் கிரீன் தமிழ் கற்றாரே, அதுபோல நம் பிள்ளைகள் கன்னடம் கற்றே ஆக வேண்டும். இது தடையல்ல, வைத்தியத்தின் முதல் பாடம்.

கடைசியாக, பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு. ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். 2018 முதல் வெளிநாடு போவதற்கும் நீட் தேர்ச்சி வேண்டும். 2021 நவம்பர் 18இல் வந்த ஒழுங்குமுறைப்படி, படிப்பு குறைந்தது 54 மாதம், முழுவதும் ஒரே கல்லூரியில், ஆங்கில வழியில் இருக்க வேண்டும். அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப் வேண்டும். அந்த நாட்டுக் குடிமகனைப் போலவே அங்கே தொழில் செய்யும் உரிமம் கிடைக்கும் படிப்பாக இருக்க வேண்டும். பிறகு இங்கே தேர்வு, மேலும் 12 மாத இன்டர்ன்ஷிப். இந்தக் கடைசி உரிமம் பற்றிய கேள்வியை ஏஜென்டிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நகையை அடகு வைக்காதீர்கள்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். திரும்பி வந்து தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், 'பாஸ் ஆயிட்டியா?' என்று கேட்பார்களே என்று கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வராமல் ஒளிகிறார்கள். ஆண்டு விழா மேடையில் பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுத்தவருக்குச் சால்வை போடுகிறோம், நல்லதுதான். சங்கக் கட்டடத்தின் மேல்மாடி அறையை மாலையில் இந்தப் பிள்ளைகளுக்குப் படிக்கத் திறந்துவிடலாம். தேறிவிட்ட மருத்துவர்கள் வாரம் ஒருநாள் வந்து சொல்லிக்கொடுக்கலாம். ஒரு மேசை, நான்கு நாற்காலி, ஒரு விளக்கு போதும். தேசத்தின் கதவு நம் கையில் இல்லை. மாடியறைச் சாவி நம் கையில்தான் இருக்கிறது.